மீட்டர் எண்ணாத ஓட்டம்

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அதன் எதிரே ஐந்து நிமிடம் நின்றால் போதும், ஜார்ஜ் டவுன் கார்களின் பாடு என்னவென்று புரிந்துவிடும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த மைவி கார் ஒன்று கடையோரம் ஒதுங்குகிறது. எஞ்சின் நிற்கிறது. கால் மணி நேரம் கழித்துக் கிளம்பி, அடுத்த தெருவில் மறுபடி நிற்கிறது. லாரியிலிருந்து சரக்கு இறங்கி முடியும்வரை பின்னால் நான்கு கார்கள் எஞ்சினை அணைக்காமல், ஏர்கான் ஓட, அசையாமல் காத்திருக்கின்றன. சக்கரம் சுழலவில்லை. எஞ்சின் மட்டும் நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுற்றுகளில் ஒன்றுகூட மீட்டரில் ஏறாது.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் நகரம் அமைத்தபோது அதன் எல்லைகளாக வகுத்த முதல் தெருக்களில் சூலியா தெருவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியா என்று அழைத்தார்கள். தெருவுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. மாட்டு வண்டிக் காலத்து அகலம். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு, கட்டடங்களை இடித்துத் தெருவை விரிப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே கார்கள் இங்கே ஊர்ந்துதான் போகும், நின்று நின்றுதான் போகும்.

இந்த அத்தியாயத்துக்கு இரண்டு கார்கள் வேண்டும். ஒரே வகை, ஒரே வயது, ஒரே நாளில் எண்ணெய் மாற்றியவை என்று வைத்துக்கொள்வோம். முதல் கார் பாயான் பாருவிலிருந்து கிளம்பி, பினாங்குப் பாலத்தைத் தாண்டி, பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் மிஞாக் தொழிற்பேட்டைக்குப் போய்த் திரும்புகிறது; நாளுக்கு அறுபது கிலோமீட்டர். இரண்டாவது கார் ஆயர் ஈத்தாமிலிருந்து பள்ளிக்கூடம், சூலியா தெரு, சந்தை, மறுபடி பள்ளிக்கூடம், வீடு என்று ஐந்து துண்டாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து முதல் காரில் எட்டாயிரம் கிலோமீட்டர் ஏறியிருக்கும். இரண்டாவதில் இரண்டாயிரம்கூடத் தேறாது. கண்ணாடியில் ஒர்க்‌ஷாப்காரர் ஒட்டிய ஸ்டிக்கரில் பத்தாயிரம் என்று இருப்பதைப் பார்த்து, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை என்று அந்தக் காரின் சொந்தக்காரர் நினைக்கிறார். எந்தக் காரின் எண்ணெய் முதலில் கெட்டிருக்கும்? எந்த எண்ணெயை வாங்குவது என்பதற்கான விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

புக்கிட் மிஞாக் என்றால் எண்ணெய்க் குன்று. அதே மிஞாக்கை வைத்துத்தான் மலேசியாவில் எஞ்சின் ஆயிலை மிஞாக் ஹித்தாம் என்கிறார்கள்: கறுப்பு எண்ணெய். போத்தலில் இருக்கும்போது அது தேன் நிறம், வடிக்கும்போதுதான் கறுப்பு. பெயரோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கறுத்துப்போனால் கெட்டது, பொன்னிறமாக இருந்தால் இன்னும் ஓடும் என்று. இந்த நம்பிக்கை தவறு என்பதைப் பார்ப்பதற்கு முன், எண்ணெய் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வழுக்குவதற்காக எண்ணெய் ஊற்றுகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசிய நம் முன்னோர் அதை மசகு என்றார்கள். கார் எண்ணெய்களில் புகழ்பெற்ற காஸ்ட்ரால் என்ற பெயரும் அதே ஆமணக்கிலிருந்து வந்ததுதான். தொடக்கத்தில் அந்த எண்ணெயில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்தது. ஆனால் வழுக்குவது என்ற சொல் உண்மையில் நடப்பதைப் பாதிதான் சொல்கிறது.

மீதிப் பாதி 1883-இல் இங்கிலாந்தில் தற்செயலாக வெளிப்பட்டது. பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுழலும் தண்டின் மேல் வெண்கலத் தாங்கி ஒன்று கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும்; தண்டின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனையும். மேலிருந்தும் எண்ணெய் விடலாம் என்று தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டைச் சுழற்றியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியாக வெளியே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார். தக்கையை எண்ணெய் தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார். அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் 200 பவுண்டையும் தாண்டி ஓடியது. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஆறேழு மடங்கு. அந்தத் தாங்கியின் மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 பவுண்டுதான்.

தண்டு சுழலும்போது எண்ணெயை ஆப்பு மாதிரி குறுகலான இடைவெளிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே அடைபட்ட எண்ணெய், தாங்கியையும் அதன் மேல் உள்ள சுமையையும் தூக்கி நிறுத்துகிறது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார். இன்றைய எஞ்சின் வடிவமைப்பாளர்களும் அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். உங்கள் காரின் கிராங்க் தண்டு ஓடும்போது உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. சில மைக்ரான் தடிமனே உள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான் என்றால், அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் பம்ப் எண்ணெயை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. தூக்கி நிறுத்துவது எண்ணெயின் பாகுத்தன்மை.

பாகுத்தன்மை குறைந்தால் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். கூடினால் எண்ணெய் மெதுவாக ஓடும், எஞ்சின் அதைக் கிழித்துக்கொண்டு சுழலவே சக்தியைச் செலவழிக்கும், அந்தச் சக்தி வெப்பமாக மாறும். இதைத்தான் ஃபோர்மேன்கள் திக்கு, தின்னு என்ற இரண்டு சொல்லில் அடக்குகிறார்கள். (நம் ஊரில் மெக்கானிக்கை ஃபோர்மேன் என்றுதானே கூப்பிடுகிறோம்.)

போத்தலில் 5டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பது இந்தத் திக்கைத்தான். எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த அளவு அது. பின்னால் வரும் 30, எண்ணெய் 100 டிகிரியில் எவ்வளவு பாகாக இருக்கிறது என்பதைக் குறிக்கும். முன்னால் வரும் 5டபிள்யூ, குளிரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் விண்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 5டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியிலும், 0டபிள்யூ எண்ணெயைக் கீழே 35 டிகிரியிலும் வைத்து, எஞ்சின் கிளம்புமா என்று சோதிக்கிறார்கள்.

பினாங்கில் விடியற்காலைக் குளிர் 24 டிகிரி. அதனால், "இங்கே ஏது பனிக்காலம்? முன் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், நல்லா திக்கா 20டபிள்யூ-50 ஊத்து" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். எஞ்சின் பக்கத்திலிருந்து பாருங்கள். அது வேலை செய்யும் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியது. ராத்திரி முழுக்க நின்று 27 டிகிரிக்கு இறங்கிய எஞ்சின், தன் வேலை வெப்பத்துக்கு எழுபது டிகிரிக்கும் மேல் கீழே கிடக்கிறது. வழக்கமான 5டபிள்யூ-30 எண்ணெய் 100 டிகிரியில் 11 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) அளவுக்கு நீர்த்திருக்கும். 40 டிகிரியில் அதுவே அறுபதைத் தொடும். 27 டிகிரியில் நூறைத் தாண்டிவிடும். அதாவது வேலை நேரத்தைப் போலப் பத்து மடங்கு திக்கு. 20டபிள்யூ-50 எண்ணெயோ 40 டிகிரியிலேயே நூற்றைம்பதைத் தாண்டி நிற்கும். சென்னைக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் பனி கிடையாது. ஆனால் எஞ்சினுக்கு ஒவ்வொரு விடியலும் குளிர்தான்.

0டபிள்யூ, 5டபிள்யூ இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இந்த ஊர்க் கார் உணரப்போவதில்லை என்பது உண்மை. அந்த முன் எண்ணை, எண்ணெயின் பிறப்புச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். மட்டமான அடிப்படை எண்ணெயை வைத்துக்கொண்டு 0டபிள்யூ சோதனையில் தேற முடியாது.

வெப்பம் ஏற ஏற எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் நீர்த்துப்போகிறது என்பதை அளக்க, 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஓர் அளவுகோல் செய்தார்கள். அன்று மிக நிலையாக இருந்த பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மதிப்பெண், மிக மோசமான மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. இன்றைய நல்ல எண்ணெய்கள் 150-ஐயும் தாண்டுகின்றன. இதற்கு ஒரு காரணம், எண்ணெயில் கரைத்துவிடும் நீண்ட பாலிமர் இழைகள். குளிரில் அவை நூற்கண்டு மாதிரி சுருண்டு ஒதுங்கிக் கிடக்கும். சூடேறும்போது விரிந்து பரவி, எண்ணெய் அளவுக்கு மீறி நீர்க்காமல் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் பற்சக்கரங்களும் சங்கிலியும் அரைத்து அரைத்து இந்த இழைகள் நாளடைவில் அறுந்துபோகின்றன. எண்ணெய்க்கு மூப்பு வருவதற்கு இதுவும் ஒரு வழி.

அப்படியென்றால் எந்த எண்? காரோடு வந்த கையேட்டில் உள்ள எண். இதைச் சொல்லும்போது பலர் முகம் வாடும்; இவ்வளவுதானா என்று. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் தாங்கியின் இடைவெளி, பம்பின் கொள்ளளவு, வால்வு நேரத்தை எண்ணெய் அழுத்தத்தாலேயே மாற்றும் கருவிகளின் நுண்துளைகள் எல்லாம் இருக்கின்றன. 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சின் அந்த மெல்லிய படலத்தை எதிர்பார்த்தே கடைந்து செய்யப்பட்டது. அது தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று பயந்து 50 ஊற்றுவது, மெல்லிய ஊசிக்குக் கயிற்றைக் கோர்க்கப் பார்ப்பது போலத்தான். 150 டிகிரி வெப்பத்தில், வேகமாக அரைபடும் நிலையிலும் 20 எண்ணெய் 2.6, 30 எண்ணெய் 2.9 என்ற அளவுக்குக் குறையக்கூடாது என்று எஸ்ஏஇ தரக்கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மெல்லியது என்றால் பலவீனமானது என்று பொருளில்லை.

1985-இல் வெளிவந்த முதல் தலைமுறை சாகா போன்ற பழைய கார்களின் கதை வேறு. அந்தக் காலத்துக் கையேடுகளில் வெப்பநிலைக்குத் தக்கபடி பல எண்களைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். எஞ்சின் தேய்ந்து எண்ணெய் குடிக்கத் தொடங்கியிருந்தால், அந்தப் பட்டியலுக்குள்ளேயே ஒரு படி திக்காகப் போவதில் தவறில்லை.

எண்ணுக்கு அடுத்தது எழுத்து. போத்தலின் பின்புறம் வளையல் போல ஒரு வட்ட முத்திரை இருக்கும். அதில் ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் பெயர். பெட்ரோல் எஞ்சின் எண்ணெய் என்றால் எஸ் என்று தொடங்கி இன்னோர் எழுத்து வரும். எஸ்ஏ பழையது, 1930-க்குப் பிறகு செய்த எஞ்சின்களுக்கு அது ஆகாது. எஸ்பி 2020-இல் வந்தது, எஸ்க்யூ 2025-இல். எழுத்து முன்னேற முன்னேறச் சோதனைகள் கடுமையாகின்றன. எஸ்பி வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், டர்போ பொருத்திய சிறிய எஞ்சின்கள். குறைந்த வேகத்தில் அதிக பாரம் இழுக்கும்போது, பிளக் பொறி தட்டும் முன்னரே உள்ளே எரிபொருள் தானாக வெடித்து பிஸ்டனை உடைத்துவிடுகிறது. எண்ணெயைத் தூய்மையாக வைத்திருக்கச் சேர்த்த கால்சியமே இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அதில் ஒரு பங்கைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். டர்போ கார் வைத்திருப்பவர்கள் இந்த எழுத்தைப் பார்க்காமல் போத்தலைத் தூக்கக் கூடாது.

சூலியா தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு நிற்கும் கப்சாய் மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தக் கார் எண்ணெய் பொருந்தாது. கியர் மாற்றும் அந்த வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயிலேயே முழுகி நிற்கின்றன. கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்களால் அவை வழுக்கத் தொடங்கிவிடும். அவற்றுக்கு ஜாசோ எம்ஏ என்ற தனி முத்திரை உண்டு.

கடையில் நம்மிடம் முதலில் கேட்கும் கேள்வியோ எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. "மினரலா, செமியா, ஃபுல்லியா?" என்பதுதான். விலை வித்தியாசம் முழுக்க அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஆனால் ஃபுல்லி சிந்தெட்டிக் என்ற சொல்லுக்கு உலகமெங்கும் ஒரே பொருள் கிடையாது. முன்பு வேதிமுறையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டிய எண்ணெய்க்கே அந்தப் பெயர் இருந்தது. கச்சா எண்ணெயை ஹைட்ரஜனால் கடுமையாகப் பக்குவப்படுத்திய மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் காஸ்ட்ரால் அதே பெயரில் விற்றபோது மோபில் ஆட்சேபித்தது. அமெரிக்காவின் விளம்பர நடுவர் குழு 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து ஃபுல்லி என்ற பெயரில் கடையில் நிற்பவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகைதான். அது மட்டமானது என்று நான் சொல்லவில்லை. மிக நல்ல எண்ணெய். மலாக்காவில் பெட்ரோனாஸ் செய்வது இந்த வகையைத்தான். சரவாக்கின் பிந்துலுவில் ஷெல் 1993-இல் திறந்த ஆலை இன்னொரு வழியைக் காட்டியது: இயற்கை வாயுவையே திரவமாகவும் மெழுகாகவும் மாற்றுவது, அப்படிப்பட்ட மெழுகிலிருந்து மிகத் தூய்மையான அடிப்படை எண்ணெய் எடுக்கலாம். உங்கள் கையேட்டின் எண்ணும் எழுத்தும் பொருந்துகிற செமி, பொருந்தாத ஃபுல்லியைவிட மேல். பெயருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இனி ஃபில்டர். எண்ணெய்க்கு நூறு வெள்ளி கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்களும் ஃபில்டரில் ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். நானும் ஒருமுறை பார்த்தேன். எங்கள் பழைய காரில் ஃபில்டர் பக்கவாட்டில் படுத்த நிலையில் இருக்கும். பெயர் தெரியாத ஒரு மலிவு ஃபில்டர் போட்ட சில வாரங்களில், தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக டக என்று ஒரு சத்தம். எஞ்சின் போய்விட்டது என்று பயந்து போனேன். ஃபோர்மேன் பானெட்டைக்கூடத் திறக்காமல் கேட்டார்.

"தம்பி, காலையில மட்டுந்தான் சத்தமா? அப்புறம் நின்னுருதா?"

"ஆமாண்ணே. ரெண்டு மூணு செகண்ட்தான்."

"அப்ப எஞ்சின்ல ஒண்ணுமில்ல. ராத்திரி எண்ணெயெல்லாம் கீழ எறங்கிருது. ஃபில்டர மாத்திப் பாரு."

மாற்றினோம், சத்தம் நின்றது. கழற்றிய ஃபில்டரை அறுத்துக் காட்டினார். உள்ளே வட்டமாக ஒரு ரப்பர் தகடு. எஞ்சின் நின்றதும் ஃபில்டருக்குள் இருக்கும் எண்ணெய் திரும்பி வடிந்துவிடாமல் அதுதான் வாயை அடைத்துப் பிடிக்க வேண்டும். அந்த ரப்பர் வெயிலில் காய்ந்த மாங்காய்த் தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் காலியான ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் எண்ணெய் எஞ்சினின் தலைக்கு ஏறியிருக்கிறது. அந்த இரண்டு மூன்று வினாடியில் டவர் கண்ட எண்ணெய்ப் படலம் மேலே இல்லவே இல்லை. நல்ல ஃபில்டர்களில் இந்தத் தகட்டைச் சிலிக்கோனில் செய்கிறார்கள். அது வெப்பத்தில் அவ்வளவு சீக்கிரம் விறைப்பதில்லை.

ஃபில்டர் இல்லாமலேயே ஓடிய கார்களும் உண்டு. 1923-இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய கருவிதான் கார்களுக்கு வந்த முதல் வெற்றிகரமான எண்ணெய் வடிகட்டி. தொடக்க கால வடிகட்டிகள் எண்ணெயில் ஒரு பங்கை மட்டும் இழுத்துச் சுத்தம் செய்து அனுப்பின. இன்று பம்பிலிருந்து வரும் எண்ணெய் முழுவதும் முதலில் ஃபில்டருக்குள் நுழைந்துதான் தாங்கிகளுக்குப் போகிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு எண்ணெயே போகாது. அதற்காகத்தான் உள்ளே இன்னொரு வால்வு. அழுத்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையே அனுப்பிவிடும். அழுக்கு எண்ணெய் பரவாயில்லை, எண்ணெயே இல்லாமல் போகக்கூடாது என்ற முடிவு. இந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்த போலி ஃபில்டரில், அது எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். ஃபில்டர் பெயருக்குத்தான் இருக்கும்.

காகிதத்தின் தரத்தையும் சொல்ல வேண்டும். "20 மைக்ரான் ஃபில்டர்" என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமில்லை. 20 மைக்ரான் துகள் நூறு வந்தால் எத்தனையைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். ஐம்பதைப் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான், தொண்ணூற்றொன்பதைப் பிடிப்பதும் அதுதான். இதை அளக்க ஐஎஸ்ஓ 4548 என்ற சோதனை முறை உண்டு. அந்த விவரத்தை வெளியிடும் நிறுவனத்தின் ஃபில்டரையோ, கார் கம்பெனியின் அசல் ஃபில்டரையோ வாங்குங்கள். மாட்டும்போது ரப்பர் வளையத்தில் விரலால் புது எண்ணெயைத் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போனால், ஓடும்போது எண்ணெய் மொத்தமும் ரோட்டில்தான்.

நம் இரண்டு கார்களுக்குத் திரும்புவோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்பக் கடினமாக இருக்கும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் நுழைந்து கீழே எண்ணெயில் இறங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகவே தெளிக்கிறது. எரியாத பெட்ரோலும் சுவர் வழியே வழிந்து எண்ணெயோடு கலக்கும். இரண்டையும் வெளியேற்ற ஒரே வழிதான் உண்டு: எண்ணெய் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் நிலைத்திருக்க வேண்டும். டேஷ்போர்டில் தெரியும் வெப்பமானி ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டுகிறது. எண்ணெய் அதைவிட வெகுநேரம் பின்தங்கித்தான் சூடாகும்.

முதல் கார் பாலத்தில் ஏறுகிறது. பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளம், சீரான வேகம். பெருநிலத்தில் இறங்கும்போது எண்ணெய் தண்ணீரின் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் இருக்கும். குளிர்ந்த எஞ்சின் கிளம்பியபோது சேர்ந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறியிருக்கும். இரண்டாவது கார் சூலியா தெருவில் நிற்கும்போது எண்ணெய்க்கு வெந்நீர்ச் சூடுதான் வந்திருக்கும். அதற்குள் எஞ்சினை அணைத்தாகிவிட்டது. தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. அடுத்த துண்டு ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம். அது எரிபுகையோடு சேர்ந்து அமிலமாகிறது. எண்ணெயில் உள்ள காரப்பொருள் அந்த அமிலத்தை முறித்து முறித்துத் தீர்ந்துபோகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் பால் காப்பி நிறத்தில் பசை படிந்திருக்கும்.

சூலியா தெருவில் நின்றுகொண்டே ஓடிய நேரமும் பாக்கி. ஃபோர்ட் நிறுவனம் தன் போலீஸ் வண்டிகளுக்கு, எஞ்சின் சும்மா ஓடும் ஒரு மணி நேரத்தை 33 மைல், அதாவது ஏறக்குறைய 53 கிலோமீட்டர் ஓட்டமாகக் கணக்கிடச் சொல்கிறது. நம் இரண்டாவது கார் நாளுக்கு அரை மணி நேரம் நெரிசலில் நிற்கிறது என்று வையுங்கள். ஆறு மாதத்தில் எழுபத்தெட்டு மணி நேரம். மீட்டரில் ஏறாமல் எஞ்சின் ஓடிய தூரம் நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

இப்போது இரண்டு காரின் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். முதல் காரின் எண்ணெய் கறுத்திருக்கும். கரித்துகள்களைத் திரளவிடாமல் பிரித்துப் பிடித்து வைத்திருப்பதால் வந்த கறுப்பு அது. எண்ணெய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். இரண்டாவது காரின் எண்ணெய் இன்னும் தேன் நிறம் மாறாமல் இருக்கலாம். முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடிக்கும். அளவு போன மாதத்தைவிடக் கூடியிருந்தால் நிச்சயம் சந்தேகப்பட வேண்டும். எண்ணெய் தானாகப் பெருகாது. பெருகியது பெட்ரோலும் தண்ணீரும்தான். முதலில் கெட்டது இந்த எண்ணெய்தான்.

அதனால்தான் கையேட்டில் தூரத்தோடு மாதமும் போட்டு, எது முதலில் வருகிறதோ அது என்று எழுதுகிறார்கள். பல கையேடுகளின் பின்பக்கத்தில் கடுமையான பயன்பாடு என்று தனிப் பகுதியே இருக்கும். குறுகிய ஓட்டம், நெரிசல், நீண்ட நேரம் நின்றபடி ஓட்டுவது என்று அங்கே அடுக்கியிருப்பதைப் படித்தால் ஜார்ஜ் டவுனைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். இரண்டாவது காரின் சொந்தக்காரர் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன்: அண்ணே, கையேட்டில் உள்ள எண்ணிலேயே நடுத்தர விலை எண்ணெய் வாங்குங்கள், முத்திரையில் எஸ்பி அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மீட்டர் என்ன காட்டினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். விலை கூடின எண்ணெயை இரண்டு வருடம் வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ நல்லது. வாரத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு பாலிக் பூலாவ் வரைக்கும் போய் வாருங்கள். மலையேறி இறங்கும் அந்த ஓட்டத்தில் வாரம் முழுக்கச் சேர்ந்த தண்ணீர் வெளியேறிவிடும்.

போலிகளைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. உள்நாட்டு வர்த்தக, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் பிரபல பெயர்கள் அச்சிட்ட போலி எஞ்சின் எண்ணெயை நாட்டில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். இது 2019-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின்கீழ் குற்றம். போலியில் ஆபத்து நிறத்திலோ திக்கிலோ தெரியாது. உலோகப் பரப்பைக் காக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மமும், அமிலத்தை முறிக்கும் காரமும் உள்ளே இருக்காது. அது தெரிய வரும்போது எஞ்சின் தேய்ந்திருக்கும். போத்தலில் அச்சான தொகுப்பு எண்ணும் மூடியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், மூடியின் முத்திரை வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏபிஐ முத்திரை வாங்கிய நிறுவனங்களின் பட்டியலை அக்கழகமே இணையத்தில் வைத்திருக்கிறது. லேபிளைப் படித்துப் பொருள் வாங்கு என்பதை இந்தத் தீவுக்குச் சொல்லிக் கொடுத்தது பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வளர்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும்வரை பல பத்தாண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். தமிழிலும் ஏடு நடத்திச் சங்கத்தார் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வடித்த எண்ணெய் பாக்கி இருக்கிறது. வீட்டு வாசலில் தாமே எண்ணெய் மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் பழைய மசகெண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் படிந்த ஃபில்டரும் துணியும் எஸ்டபிள்யூ 410. சூலியா தெரு போய் முடியும் படித்துறைக்கு அப்பால் கடல். இந்த வட்டாரத்துச் சாக்கடையில் ஊற்றியது அங்கேதான் போய்ச் சேரும். மூன்று லிட்டர் எண்ணெயை அது வந்த போத்தலிலேயே ஊற்றி மூடி, உரிமம் பெற்றவர்களிடம் கழிவைக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடலாம். ஃபில்டரைக் கழற்றியதும் எறிந்துவிடக் கூடாது. உள்ளே இன்னும் கால் லிட்டர் வரை நிற்கும். ஒரு பழைய கிண்ணத்தின் மேல் வாயைக் கவிழ்த்து ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் கிண்ணத்தில் சேர்ந்திருப்பதையும் அதே போத்தலில் ஊற்றி மூடுங்கள்.